படைத் தோழமையும் வீட்டுத் துணையும்

நட்பைப் போற்றாத மொழி உலகில் இல்லை. ஆயினும் இரு நண்பர்களின் பெயரைத் தன் பெயரோடு பிணைத்துக் கொண்டு முந்நூறு ஆண்டுகளாக வாழ்கின்ற பேறு எல்லா ஊர்களுக்கும் கிட்டுவதில்லை. எங்கள் செஞ்சிக்கு அந்தப் பேறு கிட்டியிருக்கிறது.

செஞ்சிக்கு வருவோர் முதலில் காண்பது கல்லைத்தான். இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம் என்னும் மூன்று மலைகளையும் வளைத்துச் செல்லும் மதில், களஞ்சியங்கள், அடுக்கடுக்காக உயர்ந்து நிற்கும் கல்யாண மகால், ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லாகான் பெயரால் 1717–18இல் எழுந்த பள்ளிவாசல் என்று ஒவ்வொன்றும் ஒரு காலத்தைச் சொல்லும். சிவாஜி இக்கோட்டையை 1677இல் கைப்பற்றினார். அவருடைய மைந்தர் இராஜாராம் இதனுள் இருந்துகொண்டு, 1690 முதல் 1698 வரை மொகலாயப் படையின் முற்றுகையைத் தாங்கினார். 2025 ஜூலையில் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ நிறுவனம் மராட்டியரின் பன்னிரண்டு கோட்டைகளை உலக மரபுச் சின்னமாக அறிவித்தபோது, மகாராஷ்டிரத்துக்கு வெளியே இடம்பெற்ற ஒரே கோட்டை இதுவே.

இத்தனை பெருமை இருந்தும், ஊருக்குள் வந்து பேச்சுக் கொடுக்கும் எந்த நாட்டுப்புறத்தாரும் இராஜாராமைப் பற்றிக் கேட்பதில்லை. அவர்கள் கேட்பது தேசிங்குராஜனை. அடுத்த மூச்சில் அவன் தோழன் மகபத்கானை. கூத்திலும் பாட்டிலும் ‘மோவுத்துக்காரன்’ என்று மக்கள் வழங்கும் பெயர் அதுவே.

கதையைத் தமிழ்நாட்டார்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. புந்தேல இராஜபுத்திரரான சொரூப்சிங் செஞ்சியை ஆண்டு 1714இல் மறைந்தார். அவர் மகன் தேஜ்சிங் என்பவனே நம் தேசிங்கு. செலுத்தவேண்டிய நிலுவையைக் கேட்டு நவாபின் படை வந்தது. இருபத்திரண்டு வயது இளைஞன் சில நூறு குதிரை வீரரோடு எதிர்த்து நின்று, அவ்வாண்டு அக்டோபர் 3ஆம் நாள் களத்தில் வீழ்ந்தான். மகபத்கானோ வழுதாவூரில் தன் திருமணப் பந்தலில் இருந்தவன். தோழனுடைய ஓலை கண்டதும் மணமாலையோடு எழுந்து நீலவேணி என்னும் குதிரையின்மீது ஏறிப் புறப்பட்டான் என்றும், தோழனுக்கு முன்னரே உயிர் துறந்தான் என்றும் கதை கூறும். எதிரே வந்த படை தன் மார்க்கத்தைச் சார்ந்த நவாபின் படை என்பதை அவன் கணக்கில் கொள்ளவில்லை. நட்புக் கடனையும் உண்ட உப்பையும் மட்டுமே அவன் கருதினான். அவன் பெயரால் வழங்கும் பள்ளிவாசல் ஒன்று கோட்டைக்குள் இன்றும் உள்ளது.

சிறுவனாக இருந்த காலத்தில் இக்கூத்தை விடிய விடியக் கண்டு, பந்தலை விட்டு எழும் அந்த இடத்தில் கை தட்டியவர்களுள் நானும் ஒருவன். பின்னர்ப் பதினேழு ஆண்டுகள் சிப்பாயாகப் பணியாற்றி, மனைவி மக்களோடு வாழ்ந்து, எழுபதைக் கடந்த இந்நாளில் அதே இடம் வரும்போது என் மனத்தில் வேறொரு வினா எழுகிறது. அந்தப் பந்தலில் தனியே அமர்ந்திருந்த மணமகள் யார்? அவள் பெயர் என்ன? நான் கண்ட எந்தக் கூத்திலும் அவள் பெயரை ஒருவரும் சொல்லக் கேட்டதில்லை. தேசிங்கின் துணைவியையேனும் கதை இராணிபாய் என்று அழைக்கிறது. அவள் உடன்கட்டை ஏறினாள் என்பர். அக்கொடிய வழக்கம் ஒழிந்தது நன்று. அவள் நினைவாக நவாப் அமைத்த ஊரே இராணிப்பேட்டை. 2019இல் அது ஒரு மாவட்டத்தின் தலைநகரமும் ஆயிற்று. மகபத்கானின் மணமகளுக்கோ ஒரு தெருவின் பெயர்கூட இல்லை.

இவ்வினா வெறும் இலக்கிய ஆராய்ச்சி அன்று. என் நண்பர் ஒருவரின் இல்லத்தில் இது அரிசி பருப்பைப் பற்றிய வினாவாகவே எழுந்தது. அதைச் சொல்லவே இக்கட்டுரை.

நான் 1969இல் பெங்களூரில் உள்ள மதராஸ் பொறியாளர் படையில் சேர்ந்தேன். 1780இல் மதராஸ் பயனியர் என்ற பெயரில் தோன்றிய பழம்படை அது. அதன் வீரர்களை இந்திய இராணுவம் முழுவதும் ‘தம்பி’ என்றே அழைக்கும். எந்த மாநிலத்து அதிகாரியாக இருந்தாலும், தமிழின் ஒரு சொல்லையாவது அவர் நாவில் ஏற்றிவிடும் பெருமை எங்கள் படைக்கு உண்டு. பாலம் அமைத்தல், பாதை போடுதல், பகைவர் புதைத்த கண்ணிவெடிகளை அகற்றுதல் ஆகியவை எங்கள் தொழில்.

கண்ணிவெடி வயலில் பாதை திறப்பதை நேரில் கண்டவர்க்கே அதன் தன்மை விளங்கும். இரவில், வயிற்றின்மேல் படுத்தபடி, கூரிய கம்பியைச் சாய்வாக மண்ணில் குத்திக் குத்தி ஒரு விரற்கடையாக முன்னேற வேண்டும். கம்பி எதிலாவது தட்டினால் மண்ணைக் கையால் அள்ளிப் பார்க்க வேண்டும். பின்னால் வருபவர் வெள்ளை நாடாவை விரித்து, திறந்த பாதைக்கு எல்லை கட்டுவார். அந்த நாடாவை நம்பித்தான் பின்னர் டாங்கிகளும் காலாட்படையும் கடக்கும். முன்னால் இருப்பவன் ஒரு பிடி மண்ணைக் கவனிக்காமல் விட்டால் பின்னால் இருப்பவன் இல்லை. இவ்வாறு ஒருவர் உயிரை ஒருவர் கையில் கொடுத்துவிட்டுப் படுத்திருந்தவர்களிடையே உண்டாகும் உறவுக்குச் சாதி சமயப் பெயர்களைச் சூட்ட முடியுமா?

காஞ்சிபுரம் வட்டாரத்துக் கண்ணந்தாங்கலில் பிறந்த சுபேதார் சுப்பிரமணியம் எங்கள் படையினர்தாம். 1944 பிப்ரவரியில் இத்தாலி நாட்டின் மிக்னானோ அருகே, வெடிக்கவிருந்த கண்ணியின்மேல் தம் உடலையே மூடியாக வைத்துத் தோழர்களைக் காத்தார். ஜார்ஜ் சிலுவை விருதை முதன்முதலில் பெற்ற இந்தியர் அவரே. பயிற்சிக் காலத்தில் இவ்வரலாற்றை எங்களுக்குச் சொல்வார்கள். இருபது வயது இளைஞர்களாகிய நாங்கள் அதைக் கதைபோலக் கேட்டுக்கொண்டோம். 1971இல் மேற்கு எல்லைக்குச் சென்ற பிறகே அது எங்கள் பாடமாயிற்று.

நாங்கள் ஐவர் ஒரு பிரிவில் இருந்தோம். வேலூர்க்காரர் ஒருவர், நெல்லைச் சீமையினர் ஒருவர், குமரி மாவட்டத்துக் கிறித்தவர் ஒருவர், திருவண்ணாமலைப் பக்கத்துச் சிற்றூரினர் ஒருவர், ஐந்தாமவன் நான். அவர்கள் நால்வரும் என்னைப் ‘பாய்’ என்பார்கள். 1971 அக்டோபரில் நாங்கள் எல்லைக்கு நகர்ந்தபோது ரமலான் மாதம். லங்கர் எனப்படும் படைச் சமையற்கூடம் எந்நேரமும் இயங்கும் நிலையில் இல்லை. திருவண்ணாமலை நண்பர் இரவில் காவல் முறையை மாற்றி வாங்கிக்கொண்டு, ஸஹர் நேரத்தில் ரொட்டியும் தேநீரும் கொண்டுவந்து என்னை எழுப்புவார். ‘எழுந்திரு பாய், உன் அல்லா பார்க்கிறாரோ இல்லையோ, ஹவில்தார் பார்த்துவிடுவார்’ என்பார். அந்த மாதம் முழுவதும் ஒரு நாளும் அவர் தவறியதில்லை.

மேற்கு எல்லையில் போர் டிசம்பர் 17ஆம் நாள் முடிந்தது. பணி தொடர்ந்தது. பின்னர் எல்லாருக்கும் திருமணம் ஆயிற்று. 1978 முதல் இரண்டாண்டுகள் பெங்களூரில், ஹலசூர் ஏரிக்கு அருகே, எங்கள் ஐவரில் இருவர்க்குக் குடும்பக் குடியிருப்பு கிடைத்தது. திருவண்ணாமலை நண்பரின் குடும்பமும் என் குடும்பமும் ஒரே வரிசையில் இருந்தோம். தண்ணீர்க்குழாய் ஒன்று, துணி உலர்த்தும் கொடி ஒன்று. என் துணைவியாரைவிட அவர் மனைவி இரண்டு வயது மூத்தவர், ஆகவே ‘அக்கா’. பெருநாளில் எங்கள் வீட்டுப் பிரியாணி அங்கே செல்லும்; பொங்கலன்று அங்கிருந்து கரும்பு வரும். பிறகு எங்களைக் குடும்பத்தோடு வாழ இயலாத எல்லைப் பகுதிகளுக்கு அனுப்பினார்கள். பெண்கள் அவரவர் ஊருக்குத் திரும்பினர்.

படைவீரனின் குடும்பம் எத்தகைய சுமையைச் சுமக்கிறது என்பதை ஊர் அறியாது. ஆண்டுக்கு இரண்டு மாத விடுப்பில், கறுப்பு இரும்புப் பெட்டியோடு வந்து இறங்கும் மனிதனை ஊர் காண்கிறது. எஞ்சிய பத்து மாதம் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் தனியே தூக்கிச் சென்றவள் யார்? மாமனார் மாமியாருக்கு மருந்து வாங்கியவள் யார்? மணியார்டர் வரத் தாமதமானால் கடைக்காரரிடம் நா கூசாமல் பேசிச் சமாளித்தவள் யார்? என் துணைவியார் எனக்கு எழுதிய கடிதங்களில் இவை எவையும் இடம்பெறா. ‘இங்கு யாவரும் நலம்’ என்றே அவை தொடங்கும், அவ்வாறே முடியும். அவர் தம் உண்மை நிலையை யாருக்கு எழுதினார் என்பதை நான் அறிய நாற்பது ஆண்டுகள் ஆயின.

நான் 1986இல் ஓய்வு பெற்றுச் செஞ்சிக்கு வந்தேன். நண்பர்கள் நால்வரும் ஒருவர்பின் ஒருவராகப் படையை விட்டு வந்தனர். வீடு மாறினர்; ஊர் மாறினர்; பிழைப்பு மாறிற்று. முகவரிகள் பழையன ஆயின. 2022இல் முன்னாள் படைவீரர்க்கான வேலூர் மருத்துவமனையில், மருந்துக்காக வரிசையில் நின்றிருந்தபோது பின்னாலிருந்து ‘தம்பி!’ என்று ஒரு குரல் கேட்டது. தலை நரைத்த பத்துப் பேர் ஒருசேரத் திரும்பினோம். அழைத்தவர் என் வேலூர் நண்பர். முகத்தை மறந்திருந்தேன், குரல் மறக்கவில்லை. அவருடைய பேரன் கைப்பேசி வழியே நெல்லைக்காரரையும் குமரி மாவட்டத்தாரையும் கண்டுபிடித்துக் கொடுத்தான். திருவண்ணாமலை நண்பரைத் தேடியபோது, அவர் 2019இலேயே காலமான செய்திதான் கிடைத்தது.

2023 டிசம்பர் 16ஆம் நாள் செஞ்சியில் கூடுவது என்று முடிவு செய்தோம். மறைந்த நண்பரின் மனைவியாரையும் மகளையும் அழைத்திருந்தோம். இராஜகிரியின் படிகளை எங்கள் முழங்கால்கள் அண்ணாந்து பார்த்ததோடு சரி. கல்யாண மகாலின் நிழலில் அமர்ந்து, ஆடவர்கள் பழைய போரை மீண்டும் ஒருமுறை வென்றோம். பெண்கள் சற்றுத் தள்ளி அமர்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். உண்மையான செய்தி அந்தப் பக்கத்தில்தான் வெளிப்பட்டது.

மாலையில் என் துணைவியார் என்னை அழைத்து, ‘அக்காவுக்குப் பென்சன் வரலையாம், நாலு வருசமா வரலையாம்’ என்றார்.

வீரர் ஓய்வு பெறும்போது கடைசிச் சம்பளத்தில் பாதி அவருக்கு ஓய்வூதியமாகிறது. அவர் மறைந்தபின், அச்சம்பளத்தில் 30 விழுக்காடு மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியமாக வரவேண்டும். நண்பரின் மனைவிக்கு அது வராததன் காரணம் ஒரு பெயர். திருமணமானதும் நண்பர் தம் படையலுவலகத்தில் மனைவியின் பெயரைப் பதிவு செய்தபோது, தாம் வீட்டில் அழைக்கும் பெயரையே கொடுத்துவிட்டார். அவருடைய பணிப் பதிவேட்டில் உள்ளது அந்தப் பெயரே. வாக்காளர் அட்டை, குடும்ப அட்டை, ஆதார் ஆகிய மூன்றிலும் உள்ளது அம்மையாரின் பிறந்தவீட்டுப் பெயர். விண்ணப்பம் கொண்டு சென்ற இடத்தில், இரண்டும் ஒருவரே என்பதற்கு என்ன சான்று என்று கேட்டுத் திருப்பி அனுப்பினர். இரண்டாம் முறை சென்றபோதும் அதே கேள்வி. மூன்றாம் முறை அம்மையார் செல்லவில்லை. ‘அவரு பொண்டாட்டிதான்னு நானே எத்தனை பேருகிட்டப் போய்ச் சொல்றது, அண்ணே?’ என்று அவர் என்னிடம் கேட்டபோது நாங்கள் நால்வரும் தலை குனிந்து நின்றோம். நாற்பத்தைந்து ஆண்டுகள் ஒருவரோடு வாழ்ந்தவள், தான் தானே என்பதற்குச் சான்று தேட வேண்டியிருந்தது.

அன்றிரவு என் துணைவியார் எழுந்து சென்று என் பழைய இரும்புப் பெட்டியைத் திறந்தார். என் பெயரும் எண்ணும் மங்கிய வெள்ளை எழுத்தில் இன்றும் உள்ள அப்பெட்டி, நான் ஓய்வு பெற்ற நாளிலிருந்து அவருடையது. சேலைகளுக்கு அடியில் நூலால் கட்டிய ஒரு கடிதக் கட்டு இருந்தது. யாவும் நீலநிற இன்லண்ட் கடிதங்கள். 1981 முதல் 1984 வரை ‘அக்கா’ எழுதியவை. எனக்கு எழுதாத துன்பங்களை என் துணைவியார் யாருக்கு எழுதினார் என்பதையும், யாருடைய மறுமொழியால் தாங்கினார் என்பதையும் அப்பொழுதுதான் நான் அறிந்தேன். அவற்றைப் படிக்கும் உரிமை எனக்கில்லை, படிக்கவும் இல்லை. அவர் ஒன்றை மட்டும் எடுத்து நீட்டினார். 1982ஆம் ஆண்டின் அஞ்சல் முத்திரை அதில் தெளிவாக இருந்தது. வெளியே அனுப்புநர் என்னும் இடத்தில், கணவர் சொல்லிக் கொடுத்தபடி, பதிவேட்டில் உள்ள பெயரும் அவருடைய படை எண்ணும். உள்ளே கையொப்பமிட்ட இடத்தில் அம்மையாரின் பிறந்தவீட்டுப் பெயர். ஒரே தாளில், ஒரே கையெழுத்தில், இரண்டு பெயர்கள்!

ஒரு கடிதம் மட்டும் சட்டத்துக்குப் போதாது. ஆனால் மூடிய கதவைத் தட்டுவதற்கு அது போதும். என் மருமகள் கணிப்பொறியில் விண்ணப்பத்தைத் தயாரித்தார். நண்பர்கள் மூவரும் நானும், அவர் இன்னாரின் மனைவியே என்று உறுதிமொழிப் பத்திரம் எழுதிக் கையொப்பமிட்டோம். ஹலசூரில் எடுத்த இரு குடும்பப் புகைப்படமும் சேர்ந்தது. வருவாய்த்துறையினர் இவற்றை ஆய்ந்து, இரு பெயரும் ஒருவர்க்கே உரியன என்று சான்றிதழ் அளித்தனர். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியே அது பெங்களூர் ஆவணப் பிரிவுக்குச் சென்றது. அங்கே பணிப்பதிவில் பெயர் திருத்தமாகி, பின்னர்ப் பிரயாக்ராஜில் உள்ள பாதுகாப்புத்துறை ஓய்வூதியக் கணக்கு அலுவலகம் திருத்திய ஆணையை வெளியிட்டது. ஒவ்வொரு நிலையிலும் பொறுத்திருக்க வேண்டியிருந்தது. என் மகன் விடுப்பு எடுத்துக்கொண்டு அம்மையாரை ஒவ்வோர் அலுவலகத்துக்கும் தன் வண்டியில் அழைத்துச் சென்றான். பதினான்காவது மாதம் நிலுவைத் தொகை முழுவதும் அவர் கணக்கில் சேர்ந்தது. அவர் அடுத்த வாரமே ஒரு மூட்டை நிலக்கடலையோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். மூட்டையை என்னிடம் தரவில்லை. என் துணைவியாரின் கையில் கொடுத்தார். அதுவே முறை.

இந்நிகழ்ச்சியிலிருந்து நான் உணர்ந்த உண்மை ஒன்று உண்டு. ஆண்களாகிய எங்கள் நட்பு துணிவால் ஆனது. களத்தில் அது ஒளிவிட்டது. ஆனால் களம் கலைந்தபின் அதைக் காத்தவர்கள் எங்கள் பெண்கள். ஒரு தண்ணீர்க்குழாயடியில் தொடங்கிய அவர்களுடைய நட்பு, எந்தக் கூத்திலும் பாடப்பெறாமல், ஓர் இரும்புப் பெட்டியின் அடியில் நாற்பது ஆண்டுகள் உயிரோடு இருந்தது. வேண்டிய நேரத்தில் அது எழுந்து வந்து ஒரு குடும்பத்தின் உரிமையை மீட்டுக் கொடுத்தது.

1965 செப்டம்பர் 10ஆம் நாள் கேம்கரண் களத்தில் பகைவரின் டாங்கிகளை எதிர்த்து உயிர்நீத்த வீரர் அப்துல் ஹமீதை நாடு அறியும். அவருடைய பரம்வீர் சக்கரத்தை 1966 குடியரசு நாளில் பெற்றுக்கொண்ட துணைவியார் ரசூலன் பீவியை எத்தனை பேர் அறிவர்? காசிப்பூர் மாவட்டத்துத் தாமுப்பூரில் அவர் 2019 வரை, கணவரின்றி ஐம்பத்து நான்கு ஆண்டுகள் வாழ்ந்தார். வீரரின் போர் சில நாளில் முடிந்தது. அம்மையாரின் போர் அரை நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது. இரண்டையும் சேர்த்துச் சொல்வதே முழுமையான வரலாறாகும்.

படையில் பணியாற்றிய அன்பர்களுக்கும், வெளிநாட்டில் உழைத்துக் குடும்பத்தை ஊரில் விட்டு வைத்திருக்கும் நம் இளைஞர்களுக்கும் ஒன்று சொல்ல விரும்புகிறேன். உங்கள் பணிப் பதிவேட்டில், வங்கிக் கணக்கில், காப்பீட்டில் உங்கள் மனைவியின் பெயர் எவ்வாறு எழுதப்பட்டிருக்கிறது என்பதை இன்றே எடுத்துப் பாருங்கள். அவருடைய அடையாள ஆவணத்தில் உள்ள பெயரோடும் பிறந்த நாளோடும் அது எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். மாறுபட்டிருந்தால் நீங்கள் இருக்கும்போதே திருத்துங்கள். உங்கள் ஒரு கையொப்பத்தால் ஒரு வாரத்தில் முடியும் செயல், நீங்கள் இல்லாதபோது அவருக்குப் பல ஆண்டு அலைச்சலாகும். பழைய தோழர்களின் முகவரியை மனைவியிடமும் பிள்ளைகளிடமும் கொடுத்து வையுங்கள். ஊரில் மறைந்த படைவீரர் இருந்தால், அவர் குடும்பத்துக்கு உரியது வருகிறதா என்று ஒருமுறை கேளுங்கள்.

தோழன் அழைத்ததும் பந்தலை விட்டு எழுந்த மகபத்கானை நாம் மறக்க வேண்டுவதில்லை; இன்னும் மூன்று நூற்றாண்டுகள் அவனைப் பாடுவோம். ஆனால் அவன் பாதியில் விட்டுச்சென்ற பந்தலில் இருந்தவளின் பெயரை வரலாறு எழுதி வைக்கத் தவறிவிட்டது. அதனை இனி நம்மால் எழுத முடியாது. நம் இல்லங்களில் இருப்போரின் பெயரை நம்மால் எழுத முடியும். பிழையின்றி எழுத முடியும். இறைவன் அதற்கான காலத்தை நமக்கு அருள்வானாக.